உழைச்செல்வார் கடமை

(பெருநகரில் நிகழ்ந்த நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்திற் பேசியது)

ஆண்டுதோறும் இக்கூட்டத்திற் பேசப் புகும்போது, பழைய நூலொன்றைப் பற்றியோ, முன்னோர் செய்த திருப்பணியொன்றைப் பற்றியோ யாம் பேசுவது வழக்கம். அன்பர் பலரும் அதனையே எதிர்பார்த்து வந்திருப்பீர். இம்முறை மனநோயைப் பற்றிப் பேசத் துணிந்தோம். தமிழாசிரியனுக்கு இதில் என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும், வினவுதல் முறையே. யாம் மருத்துவர் அல்லேம். எனினும், மருத்துவரால் மட்டும் நிறைவேறாத பகுதி ஒன்று இந்நோயின் மருத்துவத்தில் உண்டென்பதையும், அப்பகுதி நம்போன்றாரைச் சார்ந்ததென்பதையும் காலங்கடந்து உணர்ந்தோம். உணர்ந்ததை ஒளியாது உரைப்பதே இப்பேச்சின் நோக்கம்.

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தை முடிக்குமிடத்தில் மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தார். நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து என்னும் மூன்றோடு அவர் நின்றாரல்லர். நோயாளன் பக்கத்திலிருந்து வேண்டுவன செய்வானையும் நான்காம் கூறாக வைத்து, அவனுக்கு உழைச்செல்வான் என்று பெயரிட்டார். உழை என்பது பக்கம். இவ்வுழைச்செல்வானுக்கு வேண்டும் இயல்புகள் நான்கெனப் பரிமேலழகர் உரையிற் காண்கின்றோம். நோயுற்றார்பால் அன்பு வேண்டும், எண்ணமும் சொல்லும் செயலும் தூயவாயிருத்தல் வேண்டும், மருத்துவர் பணித்ததை வழுவாது முடிக்கும் திறம் வேண்டும், அறிவு வேண்டும். இந்நான்கையுமே இன்று நாம் விரித்து நோக்கப் போகின்றோம்.

இது ஏட்டளவில் நின்ற கொள்கையன்று. நம் ஊரைத் தழுவி ஓடும் செய்யாறு பாலாற்றோடு கலக்குமிடம் திருமுக்கூடல் என்பதை அனைவரும் அறிவீர். அங்குள்ள பெருமாள் கோயிலில், பதினோராம் நூற்றாண்டில் அரசாண்ட வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டொன்று உளது. பதினைந்து நோயாளர் கிடந்து மருந்துண்ணுதற்குரிய ஆதுலர்சாலை ஒன்றினை அது கூறுகின்றது. மருத்துவர், அறுவை செய்வார், மூலிகை கொணர்வார் ஆகியோரோடு, நோயாளர்க்கு வேண்டும் பணிவிடை செய்யும் பெண்டிர் இருவரும் நெல்லும் காசும் பெற்றமை அதிற் பொறிக்கப்பட்டுளது. பக்கத்திருப்பாரையும் மருத்துவத்தின் உறுப்பாக எண்ணிய நாடு இது.

இனி, எம் குற்றம் ஒன்றினைக் கூறுகின்றோம். அவனும் அவனைப் பெற்றோரும் இசைந்தமையாற் கூறுகின்றோம். பெயரும் ஊரும் கூறோம். எம் உறவின் முறையில் ஓர் இளைஞன். எம்மிடமே தமிழ் பயின்றவன். பத்தொன்பதாம் வயதிற் கல்லூரிக்குப் போவதை நிறுத்தினான். அண்டை வீட்டார் தன்னைப் பற்றியே பேசுகின்றனர் என்றான். தறி ஓடும் ஓசையிலும் தன் பெயரே கேட்கின்றது என்றான். இரவெல்லாம் உறங்காது முற்றத்தில் நடந்தான். அவன் தந்தையார், படித்தவர் என்னும் மதிப்பால், எம்மிடம் வந்து யோசனை கேட்டார். அப்பொழுது அவன் தமக்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தனர். யாம் என்ன சொன்னோம்? "திருமணம் முடியட்டும், அதுவரை வெளியிற் சொல்லாதீர், பையன் சென்னையில் வேலைக்குப் போயிருக்கிறான் என்று சொல்லுங்கள்" என்றோம். பதினான்கு மாதம் அவன் பின்கட்டு அறையிற் கிடந்தான். இடையில் அவ்வீட்டிற்குப் பன்முறை சென்றோம். திண்ணையிலிருந்து காப்பி அருந்தித் திரும்பினோம். இறுதியில், ஊருக்கு வரும் சுகாதாரச் செவிலியர் செய்தி அறிந்து, பெற்றோரிடம் பொறுமையாகப் பேசி, அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வித்தார். மருந்துண்ட சில திங்களில் அவன் எல்லாரோடும் அமர்ந்து உண்டான். இன்று ஒரு கடையிற் கணக்கெழுதிப் பிழைக்கின்றான். ஒருநாள் எம்மிடம் சொன்னான்: "மாமா, நீங்கள் திண்ணை வரை வந்து போவது எனக்கு உள்ளே கேட்கும்." வேறொன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எமக்கு எளிதாயிருந்திருக்கும்.

இந்நோயிற் காலந்தாழ்த்தல் கேடு என்பது மருத்துவர் கண்ட உண்மை. மருந்தின்றிக் கழியும் நாள் மிகுந்தோறும் மீண்டு வருதல் கடினமாகின்றது. அப்பதினான்கு மாதத்தை யாம் திருப்பித்தர இயலாது. ஆகலின், நம்மவர் வேறெவரும் எம்மைப்போற் பிழையாதிருத்தல் வேண்டும்.

"மருத்துவம் பயிலாத நாம் என்ன செய்ய இயலும்?" என்பீராயின், அதற்கு விடை நம் மாவட்டத்திலேயே உண்டு. கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளராய் 1961 முதற் பணியாற்றிய டாக்டர் சாரதா மேனன் அம்மையார், மனச்சிதைவு நோயாளர்க்கென 1984-இல் ஸ்கார்ஃப் என்னும் நிறுவனத்தைச் சென்னையில் தொடங்கினார். அந்நிறுவனத்தாரும் பிறரும் சேர்ந்து, 2009 முதற் காஞ்சிபுரம் மாவட்டத்துச் சிற்றூர்களிலும், மராட்டிய நாட்டுச் சதாராவிலும், கோவாவிலும் ஓர் ஆய்வு நடத்தினர். மனச்சிதைவு நோயாளர் 282 பேரை இரு பகுதியாக்கி, ஒரு பகுதியார்க்கு மருத்துவமனை மருத்துவம் மட்டும் அளித்தனர். மற்றைப் பகுதியார்க்கு அதனோடு, பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர் இல்லந்தேடிச் சென்று துணை நின்றனர். அப்பணியாளர் மருத்துவரல்லர், நம்போன்ற ஊரார். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, துணை பெற்றவரிடம் நோய்க்குறியும் செயலிழப்பும் கூடுதலாகக் குறைந்திருந்தன. வேறுபாடு பெரிதன்று என்பதையும் ஆய்வாளர் மறைத்திலர். எனினும் நம் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் அது தெளிவாகத் தெரிந்தது. 2014-இல் லான்செட் என்னும் மருத்துவ இதழில் இவ்வாய்வு வெளிவந்தது. வள்ளுவர் வகுத்த நான்காம் கூறு இக்காலத்து அளவைக்கும் நின்றது காண்க.

இனி, நான்கு இயல்புகளுள் அறிவினை முதற்கண் கொள்வோம்.

நகை, அழுகை, அச்சம், வெகுளி முதலிய எட்டனையும் தொல்காப்பியர் மெய்ப்பாடு என்றார். உள்ளத்தில் தோன்றுவது மெய்யிற் புலப்படுதலின் அப்பெயர் பெற்றது. அழுகையும் அச்சமும் மக்கட்கு இயல்பு, அவை நோயல்ல. காரணம் சிறிதாகவோ இல்லையாகவோ இருக்க, அவை நாள் நீண்டு, உறக்கத்தையும் உணவையும் தொழிலையும் உறவையும் கெடுக்கும்போதே நோய் என்று ஐயுறல் வேண்டும். இரண்டு வாரத்திற்கு மேலாக எதிலும் விருப்பமின்மை, சோர்வு, தன்மேல் வெறுப்பு ஆகியன நிற்குமாயின் அது மனச்சோர்வு நோயாகலாம். நம் ஊர்களில் இதனை எவரும் மனத்தின் பெயராற் சொல்வதில்லை. "உடம்பெல்லாம் வலி, தலை பாரம், நெஞ்சு படபடப்பு" என்றே சொல்வர். பிள்ளை பெற்ற தாய்மாரிடம் இது தோன்றுவதுண்டு. இல்லாத குரல் கேட்டலும், பிறர் தனக்குத் தீங்கு சூழ்கின்றனர் என்று அசையாது நம்புதலும், தன்னைப் பேணாது ஒதுங்குதலும் மனச்சிதைவின் குறிகள். அளவிறந்த ஊக்கமும் உறக்கமின்மையும் வீண் செலவும் ஒருகாலும், ஆழ்ந்த சோர்வு மற்றொருகாலும் மாறி வருதல் இருதுருவ நோய். குடிப்பழக்கம் முற்றினால் அதுவும் நோயே. பெயரிட்டு முடிவு கூறுதல் மருத்துவர் வேலை. குறி கண்டு காலத்தே அழைத்துச் செல்லுதல் நம் வேலை.

தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் 2015-16-இல் நடந்த தேசிய மனநல ஆய்வு, வயது வந்தோர் நூற்றுவருள் பதின்மர்க்கு மேற்பட்டோர்க்கு ஏதேனும் ஒரு மனநலக் குறை இருத்தலைக் கண்டது; அவருட் பெரும்பாலோர் மருத்துவம் பெறாதவர். அங்ஙனமாயின் இக்கூட்டத்தில் எத்தனை இல்லங்களில் ஒரு பின்கட்டு அறை இருக்கும் என்பதை அவரவரே எண்ணிக்கொள்க.

இது முற்பிறப்பின் பாவமுமன்று, ஏவலுமன்று, குலத்தின் குறையுமன்று. மூளையின் தொழிற்பாடு, பிறப்புவழி, வாழ்க்கைத் துன்பம் ஆகிய பல கூடி விளைவது. பிறப்புவழியும் ஒரு காரணமென்பது மெய். ஆயினும் மனச்சிதைவுற்ற ஒருவர்க்குப் பிறந்த மக்கள் பதின்மருள் ஒன்பதின்மர் அளவினர் அந்நோய் உறுவதில்லை. தீராத நோய் என்பதும் பிழை. 1980-களின் தொடக்கத்திற் சென்னையில் புதிதாக நோயுற்ற 90 பேரை மருத்துவர் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்தனர். பத்தாண்டிற்குப் பின் அவருட் பெரும்பாலோர் நோய் தணிந்து வாழ்ந்தனர்.

இரண்டாவது, அன்பு. அன்பென்பது இரக்கம் காட்டுதல் மட்டுமன்று; செவி கொடுத்தல். குரல் கேட்கின்றது என்பானிடம் "அப்படி ஒன்றுமில்லை, வாயை மூடு" என்றலும் ஆகாது; "ஆம், எனக்கும் கேட்கின்றது" என்றலும் ஆகாது. "எனக்குக் கேட்கவில்லை, ஆனால் உனக்கு அது எவ்வளவு துன்பம் என்று தெரிகிறது" என்பதே ஏற்ற சொல். நோயாளன் சோம்பேறி அல்லன். "மனத்தைத் திடப்படுத்திக்கொள்" என்னும் அறிவுரை, கால் முறிந்தவனை ஓடு என்பதனை ஒக்கும்.

அன்பு இல்லாவிடத்துச் சங்கிலி புகுகின்றது. இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6-ஆம் நாள் விடியற்பொழுதில் ஒரு காப்பகக் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்த நோயாளர் எழுந்து ஓட இயலாது 28 பேர் உயிர் நீத்தனர். அவரை அங்கே கொண்டுவிட்டோர் பகைவரல்லர், பெற்றோரும் உடன்பிறந்தோருமே. இன்று 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் எவ்விடத்தும் எவ்வகையிலும் நோயாளரைச் சங்கிலியிற் பிணித்தலைத் தடுக்கின்றது. பின்கட்டு அறையின் தாழ்ப்பாளும் ஒருவகைச் சங்கிலியே என்பதை யாம் பட்டறிந்தோம்.

கோயிலுக்குப் போதலைத் தவிர்க எனச் சொல்கின்றோமில்லை. திருச்சிக்கு அருகில் குணசீலத்தில் 48 நாள் தங்கி வழிபடும் நோயாளர், அங்கேயே மனநல மருத்துவரையும் காண்கின்றனர். ஏர்வாடி தர்காவிலும் வேண்டுதலோடு மருந்து அளிக்கும் முறை பின்னர் ஏற்பட்டது. வழிபாடு மனத்திற்குத் துணை. மருந்து நோய்க்கு மாற்று. ஒன்றிற்காக மற்றொன்றை விடவேண்டுவதில்லை.

மூன்றாவது, தூய்மை. இதன் முதற்படி நாவடக்கம். உழைச்செல்வான் அறிந்த செய்தி திண்ணைப் பேச்சிற்கு உரியதன்று. நோயாளரின் செய்தியை மறைவாகக் காத்தல் அவர் உரிமை என்று மேற்சொன்ன சட்டமும் கூறுகின்றது. பைத்தியம், கிறுக்கு என்னும் சொற்களை நம் இல்லங்களில் வசைச்சொல்லாகவும் வழங்காதிருத்தல் நலம், பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருக்கின்றனர்.

இங்கே ஓர் ஐயம் எழும். "மறைக்காதே என்றீர், இப்பொழுது வெளியிற் சொல்லாதே என்கின்றீரே" எனலாம். மருத்துவர்க்கு மறைத்தல் வேறு. ஊர்வாய்க்கு உணவாக்காமை வேறு. செய்தி நோயுற்றார்க்கு உரியது; உரியவர் உரியவர்க்குச் சொல்லுதலே முறை. ஆகலின் திருமணத்தில், மணந்துகொள்ளப் போகின்றவர்க்கு அவரே உண்மையை உரைத்தல் வேண்டும். "ஒரு கால்கட்டுப் போட்டாற் சரியாய்விடும்" என்று மறைத்து முடித்த மணங்களால் நம்மவருள் இருவர் வாழ்வும் ஒருங்கே கெட்டமை பலர்க்கும் தெரியும். மணம் மருந்தன்று, வருகின்ற பெண் மருத்துவச்சியுமல்லள். மற்றொரு பக்கம், உடன்பிறந்தான் நோயுற்றான் என்பதற்காக ஒரு பெண்ணைத் தள்ளுதலும் அறமன்று. வரன் பார்க்கும் நம் வழக்கம் திருந்தினாலன்றிப் பின்கட்டுக் கதவு திறவாது. இதனை இச்சங்கத்தினன்றி வேறெங்குப் பேசுவது?

நான்காவது, செயல் திறம். மனநல மருந்துகள் பல, உண்டவுடன் பயன் தருவன அல்ல; சில வாரம் பொறுத்தல் வேண்டும். தூக்கம், வாய் உலர்தல், நடுக்கம், உடல் பருத்தல் முதலியன தோன்றினால் மருத்துவரிடம் கூறி மாற்றிக்கொள்ள வேண்டுமே ஒழிய, தாமே நிறுத்தலாகாது. குணமாயிற்று என்று நிறுத்தினால் நோய் மீள்வதுண்டு. மாவட்ட மனநலத் திட்டம் 1996-இல் நம் நாட்டிற் சில மாவட்டங்களில் தொடங்கியபோது திருச்சியும் அவற்றுள் ஒன்று. இன்று காஞ்சிபுரம் மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைக் காணலாம், மருந்துக்கு விலையில்லை. ஆயினும் பெருநகரிலிருந்து பேருந்தேறிப் போய், சீட்டெடுத்து, காத்திருந்து, மருந்து வாங்கி வருதற்கு உடன் ஒருவர் வேண்டும். ஒரு நாட்கூலி இழக்கும் குடும்பத்திற்கு அத்துணை பெரிது. நோய் தணிந்தபின் சிறு வேலையும் நாளொழுங்கும் மருந்தளவு பயன் தரும். மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டம் 2016-இன்படி மனநோயும் அடங்குதலின், தக்கார் சான்றிதழ் பெறுதற்கும் உதவலாம்.

தற்கொலை எண்ணத்தைப் பற்றி ஒரு சொல். "சாகவேண்டும் என்று தோன்றுகிறதா?" என்று நேரே கேட்டல் அவ்வெண்ணத்தைத் தூண்டுவதன்று, பாரத்தை இறக்குவது. அவ்வாறு கூறுவாரைத் தனியே விடலாகாது. பயிருக்குத் தெளிக்கும் பூச்சிமருந்து வீட்டில் இருத்தலாகாது. கடலூர் மாவட்டத்துக் காட்டுமன்னார்கோயில் வட்டாரத்தில், ஊராரின் பூச்சிமருந்தைப் பொதுக் கிடங்கிற் பூட்டி வைத்தபோது அதனாற் சாவோர் குறைந்தமை ஓர் ஆய்விற் காணப்பட்டது. அருந்திவிட்டாராயின் வழக்கு வருமென்று அஞ்சி மறைத்தலாகாது. அவர் கடுந்துயரால் அது செய்தார் என்றே 2017-ஆம் ஆண்டுச் சட்டம் கொள்கின்றது. 108-ஐ அழைத்து உடனே கொண்டு செல்லுதலே கடன். மனத்துயரைப் பேசுதற்கு 14416 என்னும் எண்ணில், எந்நேரமும் தமிழிற் பேசலாம், கட்டணமில்லை.

இவ்வளவும் செய்வோர் பெரும்பாலும் யாவர்? தாயும் மனைவியும் தமக்கையுமே. ஆண்டுக்கணக்கில் இரவு விழித்து அவரும் தளர்வர். உழைச்செல்வார்க்கும் ஓர் உழைச்செல்வார் வேண்டும். வாரத்தில் ஒரு பகல் நாம் சென்றிருந்து அத்தாயை உறங்கவிடுதலும் பெருந்தொண்டே.

நிறைவாக ஒரு வேண்டுகோள். அண்மையிலுள்ள உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், பராந்தக சோழன் காலத்து 919, 921 ஆகிய ஆண்டுகளில் ஏரிக்கொரு வாரியமும் தோட்டத்திற்கொரு வாரியமும் குடவோலையால் அமைத்தமை கூறுவன. அம்முறையைப் பெருமையாக எடுத்துரைத்துக் கைதட்டலோடு நின்றுவிடுகின்றோம். நம் சங்கத்தில் ஆடவர் மூவரும் பெண்டிர் மூவருமாக அறுவரை ஓராண்டிற்குத் தெரிந்தெடுத்து, மாவட்ட மனநலக் குழுவினரிடம் பயிற்சி பெறச் செய்வோமாக. மருத்துவமனை செல்வார்க்கு வழிச்செலவும் உடன் செல்ல ஓர் ஆளும் சங்கம் தருவதாகுக. அறிந்ததை வெளியிடோம் என்று அவ்வறுவரும் உறுதி கூறுக. துணை வேண்டி வருவார் நம்மவராயினும் பிறராயினும் வேற்றுமை பாராதிருக்க. நோய் குலம் பார்த்து வருவதன்று.

அவ்வறுவருள் ஒருவராக எம் பெயரை முதற்கண் எழுதிக்கொள்ளுமாறு செயலாளரை வேண்டுகின்றோம். திண்ணையிலிருந்து திரும்பியவர் யாம். இனி உள்ளே செல்ல விரும்புகின்றோம். உடன் வருவார் யாவர்?